அடிக்கிறான், கடிக்கிறான், தலையை மோதிக்கொள்கிறான்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும், பாடம் மெதுவாக ஏறும். பெற்றோர் இதற்கெல்லாம் மெல்லப் பழகிக்கொள்வார்கள். பழகவே முடியாதது, பிள்ளை தன் கையையே கடித்து ரத்தம் வரவைப்பதும், தம்பியின் முடியைப் பிடித்து இழுப்பதும், சுவரில் தலையை மோதிக்கொள்வதும்தான். கல்யாணம், கோயில், பஸ் பயணம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய், கடைசியில் வீட்டுக்கு யாரும் வராமலே போய்விடுவார்கள். அந்த நிலையில் உள்ள அம்மா அப்பாக்கள் கேட்கும் கேள்விகளுக்கு, நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறை சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

நடத்தைப் பகுப்பாய்வு என்றால் என்ன?

பிள்ளை ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்றால், அதனால் அவனுக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. அது என்ன என்று கண்டுபிடித்து, அதே பலனை யாருக்கும் வலிக்காத வழியில் அவன் பெறக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வேலை. தெரபி சென்டர்களில் 'ஏபிஏ' (அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்) என்று சொல்வது இதைத்தான். "இதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது, "இதைச் செய்ததும் அவனுக்கு என்ன நடக்கிறது?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் போடும் எந்தத் திட்டமும் குருட்டாம்போக்குதான்.

எல்லாப் பிள்ளையும்தான் அடம் பிடிக்கிறது. எதைத் தீவிரம் என்று எடுத்துக்கொள்வது?

அவனுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ காயம் ஏற்படுகிறதா, ஏற்படும் அபாயம் இருக்கிறதா என்று பாருங்கள். தலையை மோதுவது, கண்ணைக் குத்திக்கொள்வது, கடிப்பது, மண், ஆணி, முடி என்று உணவல்லாததைத் தின்பது, கண் அசந்தால் தெருவுக்கு ஓடிவிடுவது எல்லாம் இதில் வரும். கடைசியாகச் சொன்னதைப் பலர் 'ஓட்டம் ஜாஸ்தி' என்று லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அருகில் கிணறோ குளமோ மெயின் ரோடோ இருந்தால் எல்லாவற்றையும் விட அவசரமானது அதுதான்.

முதலில் யாரிடம் போக வேண்டும்?

குழந்தை மருத்துவரிடம். இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. பேச்சில்லாத பிள்ளை, "பல் வலிக்கிறது" என்று சொல்ல வழியில்லாமல் தாடையில் குத்திக்கொள்வான். காதில் சீழ், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி, இவை எல்லாமே நடத்தையாக வெளியே வரலாம். திடீரென்று ஆரம்பித்ததா, ஒரே இடத்தில் மட்டும் அடித்துக்கொள்கிறானா, சாப்பாடும் தூக்கமும் மாறியதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவல்லாததைத் தின்னும் பிள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வலிப்பு நோய் இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில மரபணுக் கோளாறுகளோடு தன்னைக் காயப்படுத்தும் பழக்கம் நெருங்கிச் சேர்ந்து வரும். லெஷ்-நைஹான் நோயில் உதட்டையும் விரலையும் கடித்துக்கொள்வார்கள், பிராடர்-வில்லியில் தோலைப் பிய்த்துக்கொண்டே இருப்பார்கள். காரணம் இதுதான் என்று தெரிந்தால், "நாம் வளர்த்த விதம் சரியில்லையோ" என்று அம்மா தன்னையே நொந்துகொள்வது குறையும். இது சின்ன விஷயமில்லை.

வலி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் செய்கிறான்?

பெரும்பாலும் நான்கு காரணங்கள்தான். யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், போன், முறுக்கு என்று ஏதாவது பொருள் வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்தோ இரைச்சலிலிருந்தோ தப்ப வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ ஒரு உணர்வைத் தருகிறது.

1994-ல் பிரையன் இவாட்டாவும் சக ஆய்வாளர்களும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் 152 பேரின் சோதனை முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். சுமார் 38 சதவீதம் பேருக்குக் காரணம் தப்பித்தல். கவனமோ பொருளோ கிடைப்பதற்காகச் செய்தவர்கள் 26 சதவீதம். தனியாக இருந்தாலும் செய்பவர்கள், அதாவது செயலே பலனாக இருப்பவர்கள், கிட்டத்தட்ட இன்னொரு 26 சதவீதம். மீதிப் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருந்தது, அல்லது தெளிவாகச் சொல்ல முடியவில்லை. நம் வீடுகளில் "சும்மா நம்ம கவனத்துக்காகப் பண்றான்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோமே, அது எவ்வளவு தூரம் தவறாகப் போகக்கூடும் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

என் பிள்ளைக்கு எந்தக் காரணம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: நடப்பதற்குச் சற்று முன் என்ன இருந்தது, அவன் என்ன செய்தான், உடனே அடுத்து என்ன ஆயிற்று. 'கோபப்பட்டான்', 'மூட் சரியில்லை' என்றெல்லாம் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இப்படி:

"மாலை 6.10. ஹாலில் டி.வி. ஓடுகிறது. அத்தையிடமிருந்து போன் வந்து பேச ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் கழித்துக் கன்னத்தில் நாலு அறை அறைந்துகொண்டான். போனை வைத்துவிட்டுப் போய் கையைப் பிடித்தேன், 'வேண்டாம் கண்ணு' என்றேன். நிறுத்திவிட்டான்."

"காலை 7.30. பல் துலக்கக் கூப்பிட்டேன். எழுந்து வந்தான். எதுவும் நடக்கவில்லை."

"காலை 10. அப்பா வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கன்னத்தில் அறைந்துகொண்டான். அப்பா உள்ளே வந்து தூக்கிக்கொண்டார்."

மூன்றே குறிப்புதான், ஆனாலும் ஒரு கோடு தெரிகிறது. வேலை சொன்னால் வருகிறான். பெரியவர்கள் வேறொருவரோடு பேசினால்தான் அறைகிறான், அறைந்தால் அவர்கள் திரும்பி வருகிறார்கள். இது கவனத்துக்காகவாக இருக்கலாம். இதே பிள்ளை பல் துலக்கக் கூப்பிடும்போது மட்டும் அறைந்து, "சரி விடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அம்மா விட்டுவிட்டிருந்தால், கதை முற்றிலும் வேறு. ஒன்றும் நடக்காத நேரத்தையும் எழுதச் சொல்வது இதனால்தான். ஓரிரு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம், தெரபிஸ்டிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

'ஃபங்ஷனல் அனாலிசிஸ்' என்ற சோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். அது என்ன? பிள்ளைக்கு ஆபத்தா?

இவாட்டா குழுவினர் 1982-ல் வெளியிட்ட முறை அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இப்போது கென்னடி கிரீகர் என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனத்தில், 9 பிள்ளைகளோடு செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் 15 நிமிட அமர்வுகளாக, வேறு வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் பெரியவர் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பார், பிள்ளை அடித்துக்கொண்டால் மட்டும் பக்கத்தில் வந்து 'அப்படிச் செய்யாதே, வலிக்கும்' என்று அக்கறையாகப் பேசுவார். இன்னொன்றில் பாட வேலை கொடுப்பார்கள், அடித்துக்கொண்டால் வேலை நிற்கும். ஒன்றில் பிள்ளை தனியாக இருக்கும். ஒன்றில் பொம்மைகள், தாராளமான கவனம், எந்த வேலையும் கிடையாது. எந்தச் சூழலில் நடத்தை ஏறுகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அதுவரை "இவர்கள் இப்படித்தான்" என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில், காரணம் ஆளுக்கு ஆள் மாறக்கூடும் என்று காட்டியது அந்த ஆய்வு. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் தலையெழுத்தையே மாற்றியது அதுதான்.

நடத்தையை வேண்டுமென்றே வரவழைப்பதால் கவலைப்படுவது நியாயம். முன்கூட்டியே மருத்துவரின் ஒப்புதல், இவ்வளவு காயம் ஏற்பட்டால் உடனே நிறுத்திவிடுவோம் என்ற வரம்பு, பயிற்சி பெற்ற ஆட்கள், இந்த மூன்றும் இல்லாமல் செய்யக் கூடாது. வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கவே வேண்டாம். பிற்காலத்தில் வந்த சில முறைகள் அமர்வைச் சில நிமிடங்களாகச் சுருக்கியிருக்கின்றன. சிணுங்குவது, முஷ்டியை மடக்குவது போன்ற முன்னறிகுறி தெரிந்ததுமே பிள்ளை கேட்பதைக் கொடுத்து, அடிதடி வரை போகவிடாமல் சோதிக்கும் முறையும் இருக்கிறது. இந்த வசதி உண்டா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள்.

காரணம் தெரிந்துவிட்டது. அடுத்து?

மாற்று வழி கற்றுக்கொடுக்க வேண்டும். 1985-ல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் நான்கு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு அடித்தளம். கவனம் தேவைப்பட்டபோது "நான் நல்லா செய்யறேனா?" என்று கேட்கவும், பாடம் கடினமாக இருந்தபோது "எனக்குப் புரியலை" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாக்கியம் கிடைத்ததும் பிரச்சினை நடத்தை இறங்கிவிட்டது. பொருந்தாத வாக்கியத்தால் பயனில்லை. தப்பிக்க நினைக்கும் பிள்ளைக்கு, பாராட்டு கேட்கும் வாக்கியத்தைக் கொடுத்து என்ன செய்வது?

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம். ஒன்பது வயதுப் பெண், பேச்சு இல்லை. எழுதும் நோட்டைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர் கையைத் தோல் பிய்யும் அளவுக்குக் கிள்ளுகிறாள். கிள்ளினால் நோட்டை மூடிவிடுகிறார்கள். சரி, அவளுக்கு வேண்டியது 'போதும்'. உள்ளங்கை அளவு அட்டையில் ஒரு படம், கீழே 'போதும்' என்று எழுத்து. முதல் நாள் எழுத்து வேலையே கிடையாது. அம்மா எதிரில் உட்கார்ந்து நோட்டை மேஜையில் வைப்பார். பின்னால் நிற்கும் ஆசிரியை, கிள்ளக் கை நீளும் முன்பே, அந்தக் கையை மெல்ல அட்டைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்ட வைப்பார். அட்டை கைக்கு வந்த நொடியே அம்மா "போதுமா? சரி!" என்று நோட்டை எடுத்துவிடுவார். அரை நிமிஷம் ஓய்வு. மறுபடியும் நோட்டு. இப்படியே திரும்பத் திரும்ப. ஆசிரியையின் கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு, அப்புறம் அங்கே இல்லாமலே போகும். பிள்ளை தானாக அட்டையை எடுத்து நீட்டும் அந்த முதல் தடவை இருக்கிறதே, அதைப் பார்த்த அம்மாக்கள் அழுதுவிடுவார்கள்.

"இப்படியே விட்டால் எப்போதும் அட்டையை நீட்டிவிட்டு ஒன்றும் செய்ய மாட்டாளே?" என்று அடுத்த கேள்வி வரும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அட்டை வேலை செய்கிறது என்று அவள் முழுக்க நம்பிய பிறகுதான், "ஒரே ஒரு கோடு, அப்புறம் போதும்" என்பது வரும். பிறகு இரண்டு கோடு, ஒரு வரி. காத்திருப்பதையும் 'இப்போ முடியாது' என்பதை ஏற்றுக்கொள்வதையும் தனித் திறமையாகவே கற்றுக்கொடுக்கிறோம். கூடவே அந்த எழுத்து வேலையையும் பாருங்கள். விரலில் பிடி நிற்காத பிள்ளைக்கு மெல்லிய பென்சிலும் நான்கு கோடு நோட்டும் கொடுத்திருந்தால், மாற வேண்டியது முதலில் நோட்டுதான்.

கவனத்துக்காகச் செய்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

அது மட்டும் போதாது, தனியாகச் செய்தால் ஆபத்தும்கூட. காலிங் பெல் ஒலிக்கவில்லை என்றால் நாம் இன்னும் நாலு முறை அழுத்துவோம், அப்புறம் கதவைப் படபடவென்று தட்டுவோம். இதுவரை பலன் தந்த ஒன்று திடீரென்று தராமல் போனால் அது முதலில் கூடிவிட்டுக் குறையலாம். லேசான சிணுங்கலுக்கு அந்தக் கூடுதலைத் தாங்கிக்கொள்ளலாம். சுவரில் தலையை மோதும் பிள்ளைக்கு அந்த நாலு கூடுதல் அடியை யார் தாங்குவது? நடுவில் மனம் இளகி ஓடிப்போய்த் தூக்கிவிட்டால், 'பலமாக மோதினால்தான் வருவார்கள்' என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

அதற்குப் பதில், கேட்பதற்கு முன்பே கவனத்தைக் கொடுங்கள். சமைத்துக்கொண்டே சில நிமிஷத்துக்கு ஒருமுறை அவன் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை பேசுங்கள், தலையைத் தடவுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடக் கற்றுக்கொடுங்கள், தட்டினால் உடனே திரும்புங்கள். மோதும்போது அதிகம் பேசாமல், முகத்தில் அதிர்ச்சி காட்டாமல், தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையை வையுங்கள். காயத்தைத் தடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

தனியாக இருக்கும்போதும் கையைக் கடிக்கிறான். கேட்பதற்கு அங்கே யாருமே இல்லையே?

அந்த உணர்வே அவனுக்கு வேண்டியிருக்கிறது. இந்த வகை மாறக் கொஞ்சம் காலம் பிடிக்கும். ஒன்றும் செய்வதற்கில்லாமல் கிடக்கும் நேரத்தில்தான் இது அதிகம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கடிக்கத் தோதான ரப்பர் வளையம், மெல்ல ஏதாவது, கை நிறைய வேலை தரும் விளையாட்டு, ஊஞ்சல் என்று அவனுக்குப் பிடித்ததை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். காயம் அதிகமாக இருந்தால் ஹெல்மெட், முழங்கை உறை போன்றவற்றை மருத்துவர் சொல்லி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். காயமில்லாமல் கையை உதறுவதும் ஆடுவதும் இதில் சேராது. அது பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

திட்டினால், ஒன்று வைத்தால் அடங்குகிறானே?

அந்த நிமிஷத்துக்கு அடங்குவான். அது அடித்தவருக்குத்தான் பலன், அதனால்தான் அடுத்த முறையும் கை ஓங்குகிறது. பிள்ளைக்கு 'போதும்' என்று சொல்லும் வழி இன்னும் தெரியாது, அடிக்கலாம் என்பது மட்டும் கூடுதலாகத் தெரியும். சூடு போடுவது, இருட்டறையில் பூட்டுவது, கட்டிப்போடுவது எல்லாம் கொடுமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 6-ஆம் பிரிவில், கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து பாதுகாப்பு தருகிறது. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009 தடை செய்கிறது. 'சிறப்புப் பள்ளிதானே, அங்கே அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடித்துவிட்டால், முடியைப் பிடித்துவிட்டால் அந்த நொடியில் என்ன செய்வது?

கடிபட்ட கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். வாய்ப்பக்கமாகவே லேசாக அழுத்தினால் தாடை தளரும். முடியைப் பிடித்தால் அவன் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். தம்பி தங்கைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். கண்ணாடி டம்ளர், கத்தரிக்கோல் எல்லாம் கைக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும். குரல் தாழ்ந்து, வார்த்தை குறைந்து இருக்க வேண்டும். 'ஏன் இப்படிப் பண்றே' என்ற கேள்வி அந்த நேரத்தில் அவன் காதில் ஏறாது.

குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி அமுக்குவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது. மூச்சு முட்டி உயிரே போயிருக்கிறது. தலையில் பலமாக அடிபட்ட பின் வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. கண்ணில் குத்திக்கொள்ளும், தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு விழித்திரை விலகும் அபாயம் உண்டு என்பதால், அவ்வப்போது கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து கொடுக்கலாமா?

மனநல மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-ல் ரிஸ்பெரிடோனையும், 2009-ல் அரிபிப்ரசோலையும் அனுமதித்தது. எடை கூடுவது, தூக்கக் கலக்கம் போன்ற பக்க விளைவுகள் உண்டு, எடையையும் ரத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மருந்து கொந்தளிப்பைத் தணிக்கும், கேட்கக் கற்றுக்கொடுக்காது. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

ஏபிஏ பிள்ளைகளைப் பொம்மையாக்குகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எழுதுகிறார்களே?

அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தத் துறையின் வரலாற்றில் கறை இருக்கிறது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான உளவியலாளர் இவார் லோவாஸ் 1960-களில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். 1987-ல் வெளியான, வாரம் 40 மணி நேரம் பயிற்சி தந்த அவருடைய பிரபலமான ஆய்விலும் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்ற ஒரே இடத்தில் இந்த நூற்றாண்டிலும் அதிர்ச்சிக் கருவி பயன்பாட்டில் இருந்தது. 2020-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைத் தடை செய்தது, ஆனால் 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2022-ல் நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேச சங்கமே இந்த முறையை எதிர்ப்பதாக அறிவித்தது. அது பல பத்தாண்டு முன்பே வந்திருக்க வேண்டிய அறிவிப்பு.

கண்ணைப் பார், கையை உதறாதே, சும்மா உட்கார் என்று பிள்ளையை மற்றவர்களைப் போல நடிக்க வைப்பது ஒரு வேலை. ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வழியைக் கொடுப்பது வேறொரு வேலை. இரண்டாவது உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல தெரபிஸ்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கே போவது?

அறைக்குள் உங்களை உட்காரவிடாத இடம் வேண்டவே வேண்டாம். "ஏன் செய்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதற்குப் பதில் என்ன கற்றுக்கொடுப்பீர்கள்? குறைகிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எண்ணிக்கைக் குறிப்போ வரைபடமோ காட்டத் தெரிய வேண்டும். 'ஆறே மாதத்தில் குணமாக்குகிறோம்' என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். சிறப்பு ஆசிரியருக்கும் மருத்துவ உளவியலாளருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைத் திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை மனநலப் பிரிவு பெற்றோருக்கே பயிற்சி தருவதில் நீண்ட அனுபவம் உள்ளது. அருகிலேயே வேண்டும் என்றால் மாவட்ட ஆரம்ப நிலைத் தலையீட்டு மையத்தில் 18 வயது வரை பார்ப்பார்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபி செலவுக்கும் அதில் ஒரு பகுதி இருக்கிறது.

நாங்கள் சொன்னபடி செய்கிறோம். பாட்டி மனசு கேட்காமல் போனைக் கொடுத்துவிடுகிறார்.

பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். பேரன் அழுவதை அவரால் பார்க்க முடியவில்லை. அவரிடம் 'கொடுக்காதீங்க' என்பதற்குப் பதில், எப்போது கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்: "அவன் போன் படத்தைத் தொட்டுக் காட்டினா உடனே கொடுங்கம்மா." கொடுக்கும் சந்தோஷம் பாட்டிக்கே இருக்கட்டும். படத்தைப் பாட்டி உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

எவ்வளவு நாளில் சரியாகும்?

காரணம் சரியாகப் பிடிபட்டு, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், சில வாரங்களிலேயே எண்ணிக்கை இறங்குவதைப் பலர் பார்க்கிறார்கள். காத்திருக்கவும் 'இல்லை' என்பதைத் தாங்கவும் மாதக்கணக்கில் ஆகும். பள்ளி மாறினாலும், வீடு மாறினாலும், பருவ வயது வந்தாலும் மறுபடி தலைகாட்டலாம். அப்போது பழைய நோட்டை எடுத்து, மறுபடியும் எழுத ஆரம்பியுங்கள். எட்டு வயதில் தப்பிக்கக் கடித்தவன், பதினான்கு வயதில் வேறு எதற்காகவோ கடிக்கலாம்.